ஷெல் ஸ்கிரிப்ட்டை ஒழுங்காக முடிப்பது எப்படி: முடிவு எண்கள் பற்றிய முழுமையான வழிகாட்டி

ஒன்றுமே இல்லாததை, கோப்பைச் சுருக்கும் ஜிஸிப் கட்டளைக்குள் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் | குறி) வழியாக அனுப்பினால், அது 20 பைட்டில் ஒரு கோப்பைத் தரும். இந்த எண் எனக்கு மனப்பாடம். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருந்தேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினார்கள், ஸ்கிரிப்ட்டில் மாற்ற மறந்துவிட்டேன். அதன்பின் பதினொரு இரவு, பதினொரு கோப்பு, ஒவ்வொன்றும் 20 பைட். ஸ்கிரிப்ட் மட்டும் தினமும் "பேக்கப் முடிந்தது" என்று லாகில் எழுதிவிட்டு 0 என்ற எண்ணோடு வெளியேறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் எழுத வரும் புதியவர்கள் பலருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த பேக்கப் ஸ்கிரிப்ட்டையே எடுத்துக்கொண்டு வரிசையாகப் போவோம்.

1. தொடங்கும் முன்

லினக்ஸ் மெஷின் ஒன்று, பாஷ் ஷெல், ஒரு எடிட்டர் போதும். விண்டோஸ்காரர்களுக்கு டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போதும். மேக்கில் 2019 முதல் இசட்ஷெல்தான் இயல்பாக வருகிறது. அதில் சில விஷயங்கள் வேறு மாதிரி என்பதால் முதலில் பாஷ் என்று தட்டி அதற்குள் போய்விடுங்கள்.

லினக்ஸிலும் அதையே செய்யச் சொல்வேன். டெர்மினலைத் திறந்ததும் பாஷ் என்று தட்டினால் ஷெல்லுக்குள் இன்னொரு ஷெல் திறக்கும். எக்ஸிட் கட்டளையைப் பழகும்போது உள்ளே இருப்பது மட்டும் மூடும், ஜன்னல் தப்பிக்கும்.

ஸ்கிரிப்ட்டின் முதல் வரி பாஷைக் குறிக்கட்டும், எஸ்எச்-ஐ அல்ல. டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எச் என்ற பெயரில் இருப்பது டாஷ் என்கிற வேறு ஷெல். கீழே சொல்லப்போவதில் சில அதில் வேலை செய்யாது.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளுக்கு (மதிப்பை எடுத்து வைக்கும் பெயர்களுக்கு) நான் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாகவும் ஆங்கில எழுத்தில் ஒரு பெயரைத் தட்டுங்கள். எக்ஸிட் ஸ்டேட்டஸ், எக்ஸிட் கோட் என்றெல்லாம் சொல்வதை முடிவு எண் என்று குறிப்பிடுகிறேன்.

2. எண்ணைப் பார்க்கப் பழகுங்கள்

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். 0 என்றால் வேலை நடந்தது. வேறு எதுவானாலும் ஏதோ ஒன்று எதிர்பார்த்தபடி இல்லை. கடைசியாக ஓடிய கட்டளையின் எண் $? என்பதில் இருக்கும்.

எல்எஸ் /இல்லாத_இடம்
எக்கோ $?

இரண்டாவது வரியில் லினக்ஸ் உங்களுக்கு 2 காட்டும். அதே எக்கோ $? வரியை உடனே இன்னொரு முறை தட்டிப் பாருங்கள், 0 வரும். ஏனென்றால் இப்போது கடைசியாக ஓடியது முந்தைய எக்கோ, அது நன்றாகவே ஓடியது. புதியவர்களின் முதல் தடுமாற்றம் இதுதான். கட்டளைக்கும் சோதனைக்கும் நடுவில் "என்ன ஆச்சு பார்ப்போம்" என்று ஒரு எக்கோ வரியைச் சேர்ப்பார்கள், அந்த எக்கோ எண்ணை அழித்துவிடும். எண் பிறகு வேண்டுமானால் அடுத்த வரியிலேயே எடுத்து வையுங்கள்:

நிலை=$?

0 அல்லாத எண் எல்லாம் பிழை என்றும் நினைத்துவிட வேண்டாம். கிரெப்பில் தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பையே திறக்க முடியாவிட்டால் 2. டிஃப்பும் அப்படியே: இரண்டு கோப்பும் ஒன்றே என்றால் 0, வேறுபட்டால் 1, சிக்கல் என்றால் 2. "லாகில் பிழை என்ற சொல் இல்லை" என்பது நல்ல செய்தி, ஆனால் கிரெப் அதற்கு 1 தரும். எந்தக் கட்டளையைப் பயன்படுத்தினாலும் அதன் மேன் பக்கத்தில் (உதவிக் குறிப்பில்) எக்ஸிட் ஸ்டேட்டஸ் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். பெரும்பாலும் நாலே வரிதான்.

3. குறியீட்டை எழுதும் முன் எண்களை முடிவுசெய்யுங்கள்

ஸ்கிரிப்ட் எழுதி முடித்தபிறகு எண் கொடுக்க உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் 1 என்று போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அதனால் இதை முதலில் செய்ய வேண்டும்.

எண் 8 பிட்டில் அடங்க வேண்டும், அதாவது 0 முதல் 255 வரை. அதைத் தாண்டினால் 256-ஆல் வகுத்த மீதிதான் வெளியே தெரியும். எக்ஸிட் 300 என்றால் 44. எக்ஸிட் -1 என்றால் 255. எக்ஸிட் 256 என்றால் 0! "எத்தனை கோப்பு தோற்றதோ அந்த எண்ணையே திருப்பி அனுப்பலாமே" என்று புத்திசாலித்தனமாக யோசிப்பவர்கள் விழும் குழி இது. சரியாக 256 கோப்பு தோற்ற நாளில் எல்லாம் நலம் என்று செய்தி போகும். எண்ணிக்கையை லாகில் எழுதுங்கள், முடிவு எண்ணில் ஏற்றாதீர்கள்.

126-லிருந்து மேலே உள்ளவற்றை ஷெல் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. அங்கே போகாதீர்கள். 2 என்பதைத் தவறான ஆர்க்யுமென்ட் கொடுத்ததற்கு வைப்பது பரவலான வழக்கம். 64 முதல் 78 வரை ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லும் சிஸ்எக்ஸிட்ஸ் என்ற பழைய பட்டியல் ஒன்றும் உண்டு. மெயில் சர்வர் வேலை செய்பவர்களுக்கு அது உதவும். மற்றவர்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எத்தனை எண் வேண்டும்? அந்த எண்ணைப் பார்ப்பவர் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளப் போகிறார் என்றால் மட்டும் தனித்தனி எண். யாரும் படிக்காத பதினைந்து எண்களால் பயனில்லை. நம் பேக்கப்புக்கு நான் வைத்தவை: 0 சரி, 2 தவறாக அழைத்தது, 10 டேட்டாபேஸிலிருந்து எடுக்க முடியவில்லை, 11 எடுத்ததை வைக்க முடியவில்லை. 10 என்றால் பாஸ்வேர்டைப் பார்க்க வேண்டும், 11 என்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்படவே இல்லை. இவற்றை ஸ்கிரிப்ட்டின் தலையில் கமென்ட்டாக எழுதிவையுங்கள்.

4. தோற்றால் நிற்கச் சொல்லுங்கள்

ஷெல்லின் இயல்பு, ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடுவது. இதன் விலை என்னவென்று பாருங்கள்:

சிடி /பேக்கப்/பழையது
ஆர்எம் -ஆர்எஃப் *

முதல் வரி தோற்றால், நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கே இருப்பதெல்லாம் போய்விடும். எனவே முக்கியமான ஒவ்வொரு வரிக்கும் பின்னால் || போட்டு, தோற்றால் என்ன செய்வது என்று எழுதுங்கள்:

சிடி /பேக்கப்/பழையது || { எக்கோ "பழைய பேக்கப் ஃபோல்டர் இல்லை" >&2; எக்ஸிட் 11; }

>&2 என்பது செய்தியை ஸ்டாண்டர்ட் எரர் பக்கம் திருப்புகிறது. ஸ்கிரிப்ட்டின் வெளியீட்டை வேறொரு நிரல் படித்தால், பிழைச் செய்தி தரவோடு கலந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இது. சுருள் அடைப்புக்குப் பதில் வளைவு அடைப்பு போட்டால் அது தனிச் சப்ஷெல் (ஷெல்லுக்குள் பிறக்கும் இன்னொரு ஷெல்) ஆகிவிடும், உள்ளே உள்ள எக்ஸிட் அந்தச் சப்ஷெல்லை மட்டும் மூடும், ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடும். ஒரு எழுத்து வித்தியாசம்தான், அது கண்ணில் படுவதற்குள் அரை நாள் ஓடிவிடும்.

"இத்தனை எதற்கு, மேலே செட் -இ போட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். ஒரு வரி தோற்றதும் ஸ்கிரிப்ட்டையே நிறுத்தச் சொல்வது அது. போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் அதில் ஓட்டைகள் உண்டு:

இஃப் நிபந்தனைக்குள், அல்லது &&, || ஆகியவற்றுக்கு இடப்பக்கம் அழைக்கப்படும் கட்டளைக்கு செட் -இ பொருந்தாது. அது ஒரு ஃபங்ஷன் என்றால் அதன் உள்ளே இருக்கும் எல்லா வரிகளுக்கும் சேர்த்தே பொருந்தாது. இது தெரியாமல் இஃப் பேக்கப்_எடு என்று எழுதிவிட்டு, ஃபங்ஷனுக்குள் நடுவில் தோற்ற வரி ஏன் நிறுத்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

லோக்கல் அளவு=$(கட்டளை) என்று ஒரே வரியில் எழுதினால், உங்களுக்குக் கிடைப்பது லோக்கல் என்பதன் முடிவு எண். அது ஏறக்குறைய எப்போதும் 0. உள்ளே கட்டளை செத்துக் கிடந்தாலும் தெரியாது. முதல் வரியில் லோக்கல் அளவு, அடுத்த வரியில் அளவு=$(கட்டளை) என்று பிரித்து எழுதுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. ((எண்++)) என்ற வரியில் எண்ணின் மதிப்பு 0 ஆக இருந்தால் அந்த வரியின் முடிவு எண் 1. செட் -இ அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, ஒரு தப்பும் செய்யாத ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடும். எண்=$((எண்+1)) என்று எழுதினால் தொல்லை இல்லை.

எண்ணைப் பிடிக்கும் விதத்திலும் ஒரு வழுக்கல். இஃப் ! கட்டளை என்று எழுதி உள்ளே $? பார்த்தால் எப்போதும் 0தான் இருக்கும். ஆச்சரியக்குறி எண்ணைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. தோற்ற எண் வேண்டுமானால் கட்டளை || நிலை=$? என்று பிடியுங்கள்.

5. பைப்பில் யார் பேச்சு எடுபடும்?

என் பதினொரு இரவும் போன இடம் இதுதான்.

பிஜி_டம்ப் கடை | ஜிஸிப் > கடை.ஜிஇசட்

பிஜி_டம்ப் டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறது, ஜிஸிப் சுருக்குகிறது. பைப்பின் முடிவு எண் என்பது கடைசிக் கட்டளையின் எண். பிஜி_டம்ப் உள்ளேயே போக முடியாமல் 1 என்று சொல்லிவிட்டு வெளியேறியது. ஜிஸிப் தனக்கு வந்த ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட்டாக எழுதி, 0 என்றது. வெளியே தெரிந்தது அந்த 0 மட்டுமே. செட் -இ போட்டிருந்தேன், பிரயோஜனமில்லை.

தீர்வு ஸ்கிரிப்ட்டின் தலையில் ஒரு வரி:

செட் -இ -யூ -ஓ பைப்ஃபெயில்

பைப்ஃபெயில் இருந்தால், பைப்பில் தோற்றவற்றுள் வலக்கோடியில் இருப்பதன் எண் வெளியே வரும். எல்லாம் 0 என்றால்தான் 0. -யூ என்பது மதிப்பு வைக்காத மாறியைப் பயன்படுத்தினால் நிறுத்தும். எழுத்துப்பிழையால் காலியான பெயரை ஆர்எம் கட்டளைக்குக் கொடுக்கும் ஆபத்தை அது தடுக்கிறது.

பைப்பில் யார் தோற்றார் என்று தனியாகத் தெரிய வேண்டுமானால் பாஷில் பைப்ஸ்டேட்டஸ் என்ற வரிசை உண்டு. அதுவும் $? போலவே அடுத்த கட்டளையில் அழிந்துவிடும் என்பதால் உடனே வேறு மாறியில் நகலெடுங்கள்.

பைப்ஃபெயில் போட்டபிறகு சிலர் 141 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுவார்கள். பெரிய கோப்பைப் படித்து | ஹெட் -1 என்று முதல் வரியை மட்டும் எடுக்கும்போது, ஹெட் தன் வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போகிறது. எழுதிக்கொண்டிருந்த கட்டளைக்கு சிக்பைப் (படிக்க ஆளில்லை என்ற) சிக்னல் போய் அது சாகிறது. அந்த 141 பிழை அல்ல. அந்த வரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், பைப்ஃபெயிலையே எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: கட்டளை | வைல் ரீட் வரி என்று எழுதி, அந்தச் சுற்றுக்குள் எக்ஸிட் 10 போட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே முடியாது. பைப்பின் வலப்பக்கம் பாஷில் இயல்பாகச் சப்ஷெல்லில் ஓடுகிறது, அந்த எக்ஸிட் அதை மட்டும் மூடும். சுற்றின் எண்ணை வெளியே வாங்கிச் சோதிக்க வேண்டும், அல்லது சுற்றின் முடிவில் < <(கட்டளை) என்று ஊட்ட வேண்டும். இரண்டாவது வழியில் உள்ளே இருக்கும் கட்டளையின் எண் தானாக வெளியே வராது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

6. எக்ஸிட்டா, ரிட்டர்னா?

எக்ஸிட் முழு ஷெல்லையும் மூடும். ரிட்டர்ன் ஃபங்ஷனிலிருந்தோ, சோர்ஸ் செய்த கோப்பிலிருந்தோ மட்டும் வெளியேறும். ஸ்கிரிப்ட்டைத் தனியாக ஓட்டினால் அதற்கென்று ஒரு ஷெல் பிறக்கிறது, அதில் எக்ஸிட் போட்டால் பாதகமில்லை. சோர்ஸ் செய்தால் உங்கள் ஷெல்லே அந்த வரிகளைப் படிக்கிறது. அப்போது எக்ஸிட் வந்தால் டெர்மினல் ஜன்னலே மறையும். பாஷ் திறக்கும்போதெல்லாம் சோர்ஸ் செய்யும் பாஷ்ஆர்சி கோப்பில் எக்ஸிட் 1 எழுதிவிட்டு, அதற்குப் பிறகு டெர்மினலே திறக்கவில்லை என்று வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

என் பழக்கம்: ஃபங்ஷன்கள் ரிட்டர்ன் மட்டும் செய்யும். எக்ஸிட் ஸ்கிரிப்ட்டின் மேல்மட்டத்தில் மட்டும். எங்கே எல்லாம் முடியலாம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கடைசி வரியில் எக்ஸிட் 0 போடலாமா? செட் -இ இல்லாமல் போட்டால் அது பச்சைப் பொய், மேலே என்ன நடந்திருந்தாலும் 0 போகும். எதுவும் போடாவிட்டால் கடைசிக் கட்டளையின் எண் போகும். கடைசி வரி [ -எஃப் தற்காலிகம் ] && ஆர்எம் தற்காலிகம் என்று இருந்து, அந்தக் கோப்பும் இல்லாவிட்டால், நல்லபடி ஓடிய ஸ்கிரிப்ட் 1 தரும். அதனால் செட் -இ போட்டு, தேவையான இடங்களில் சோதித்து, பிறகு எக்ஸிட் 0 போடுங்கள்.

7. போகும்போது துடைத்துவிட்டுப் போங்கள்

பாதியில் நின்ற பேக்கப் முழுப் பேக்கப்பைப் போலவே தோற்றமளிக்கும். அதனால் நேரடியாகக் கடைசிப் பெயரில் எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் சரி என்றால் எம்வி கொண்டு பெயரை மாற்றுங்கள். இரண்டும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் அந்தப் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும், அரைகுறை நிலை இருக்காது.

தற்காலிகம்=$(எம்கேடெம்ப் /பேக்கப்/எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்)
ட்ராப் 'ஆர்எம் -எஃப் "$தற்காலிகம்"' எக்ஸிட்

ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் போகும்போது ஓட வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவைப்பது ட்ராப். அந்த வரி, கோப்பை உண்டாக்கிய உடனே வர வேண்டும். பத்து வரி தள்ளி வைத்தால் அந்தப் பத்து வரிக்குள் தோற்கும்போது குப்பை தங்கிவிடும். வெளியே ஒற்றை மேற்கோள் போடுவதற்குக் காரணம், மாறியின் மதிப்பு இப்போது அல்ல, ட்ராப் ஓடும்போது நிரப்பப்பட வேண்டும் என்பதே. ட்ராப்புக்குள் நீங்களாக எக்ஸிட் எழுதாதவரை பழைய முடிவு எண் அப்படியே வெளியே போகும், எனவே அங்கே எக்ஸிட் எழுதாதீர்கள். ஆர்எம் கட்டளைக்கு -எஃப் கொடுத்தால், எம்வி ஏற்கெனவே கோப்பை நகர்த்தியிருந்தாலும் புகார் வராது.

கன்ட்ரோல்-சி அடித்தாலும் பாஷில் இந்த ட்ராப் ஓடும். டாஷில் ஓடாது. கில் -9 கொடுத்தால் எதிலும் ஓடாது.

8. பைத்தானிலிருந்து முடிக்கும்போது

பேக்கப்பின் ஒரு பகுதியைப் பைத்தானில் எழுதியிருந்தால் சிஸ்.எக்ஸிட்(10) என்று எண்ணைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் ஒரு செய்தியைக் கொடுத்தால், அது ஸ்டாண்டர்ட் எரரில் அச்சாகி முடிவு எண் 1 ஆகும். சின்னக் கருவிகளுக்கு அதுவே வசதி. சிஸ்.எக்ஸிட்(ட்ரூ) என்று எழுதி வெற்றி என்று நினைக்காதீர்கள், ட்ரூ என்பது அங்கே 1.

பெயர் குறிப்பிடாத வெறும் எக்ஸெப்ட் சிஸ்.எக்ஸிட்டையும் பிடித்து விழுங்கிவிடும், ஏனென்றால் அது உள்ளுக்குள் ஒரு எக்ஸெப்ஷன்தான். எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன் என்று எழுதினால் அது தப்பிவிடும், எக்ஸெப்ஷன் என்ற அந்தப் பெயரின் கீழ் அது வராது.

9. கண்ணில் படும் அந்நிய எண்கள்

127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் சேவையில்) மட்டும் 127 என்றால் பாத் மாறியை, அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலை, சந்தேகியுங்கள். க்ரான் தரும் பாத் மிகக் குட்டையானது. 126 என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் சிஎச்மாட் கொண்டு ஓட்டும் அனுமதி கொடுக்க மறந்திருப்பீர்கள்.

128-க்கு மேல் வந்தால் 128-ஐக் கழித்துப் பாருங்கள், மிச்சம் சிக்னல் எண். 130 என்றால் கன்ட்ரோல்-சி, 143 என்றால் யாரோ சாதாரணமாகக் கில் செய்திருக்கிறார்கள், 139 என்றால் நிரல் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது. 137 என்றால் கில் -9. யாரும் அப்படிச் செய்யவில்லை என்றால் ரேம் தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கலாம், டிமெஸ்ஜி கட்டளையில் பாருங்கள்.

டைம்அவுட் கட்டளை நேரம் தீர்ந்தால் 124 தரும். எஸ்எஸ்எச் மறுமுனையில் ஓடிய கட்டளையின் எண்ணை அப்படியே கொண்டுவரும், தன் இணைப்பே தோற்றால் 255. சொந்த ஸ்கிரிப்ட்டில் 255 வைக்காதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணம் இது.

10. கையால் செஷனை மூடும்போது

கன்ட்ரோல்-டி அடித்தாலும் எக்ஸிட் என்று தட்டினாலும் ஷெல் கடைசிக் கட்டளையின் எண்ணோடு மூடும். நிறுத்திவைத்த வேலை ஏதாவது இருந்தால் பாஷ் ஒரு முறை எச்சரித்துவிட்டு மூட மறுக்கும். இன்னொரு முறை எக்ஸிட் தட்டினால் மூடிவிடும், நிறுத்திவைத்த வேலையும் அதோடு போகும். எனவே பலர் செய்வதுபோல் எரிச்சலில் இரண்டாம் முறை தட்டும் முன் ஜாப்ஸ் என்று தட்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள். விம் எடிட்டரில் பாதி எழுதிய கோப்பு அங்கேதான் இருக்கும்.

11. வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

நல்லபடி ஓடும்போது 0 வருவதைப் பார்த்து எந்தப் பயனும் இல்லை. என் ஸ்கிரிப்ட்டும் அதைத்தான் தந்துகொண்டிருந்தது. பாஸ்வேர்டை மாற்றி ஓட்டுங்கள், 10 வருகிறதா? வெளியீட்டை /டெவ்/ஃபுல் கோப்புக்குத் திருப்பி ஓட்டுங்கள். அதில் எழுதும் எதுவும் டிஸ்க் நிரம்பியது என்ற பிழையோடு திரும்பும், அப்போது 11 வருகிறதா? ஆர்க்யுமென்ட் இல்லாமல் ஓட்டுங்கள். நடுவில் கன்ட்ரோல்-சி அடியுங்கள், தற்காலிகக் கோப்பு போய்விட்டதா?

அப்புறம், அந்த எண்ணை யாராவது படிக்க வேண்டும். க்ரான் படிக்காது. ஸ்கிரிப்ட் ஏதாவது அச்சிட்டால் மெயில் அனுப்பப் பார்க்கும், முடிவு எண் என்னவென்று கவலைப்படாது. வெளியீட்டை எல்லாம் வந்ததை விழுங்கிவிடும் /டெவ்/நல்லுக்குத் திருப்பிவிட்டால் அதுவும் இல்லை. க்ரான் வரியிலேயே ஸ்கிரிப்ட் || எச்சரிக்கை_அனுப்பு என்று எழுதுங்கள். ஸ்கிரிப்ட் && நல்லது || கெட்டது என்று ஒரே வரியில் சுருக்காதீர்கள், நல்லது தோற்றாலும் கெட்டது ஓடும். க்ரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமரில் வைத்தால் 0 அல்லாத எண்ணோடு முடிந்த சர்வீஸ் ஃபெயில்ட் என்று பட்டியலில் சிவப்பாக நிற்கும். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும், எம்வி வரிக்கு மேலே கோப்பின் அளவைச் சோதிக்கும் ஒரு வரியை வைத்திருக்கிறேன். 20 பைட்டும் அதற்குக் குறைவும் என்றால் எக்ஸிட் 10. பைப்ஃபெயில் இருக்கும்போது அது தேவையில்லை என்று எனக்கும் தெரியும்.